நாம் வாழும் மலையின் வரைபடம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவிலே பெருமைகளைச் சொல்வது வழக்கம். அவற்றைச் சொல்ல எங்களைவிடப் பொருத்தமானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எங்கள் மூவரிடமும் சங்கம் கேட்டுக்கொண்டது வேறொன்று. எங்களில் ஒருவர் நீண்டகாலம் புவியியல் கற்பித்தவர். ஒருவர் காணி தொடர்பான அரச சேவையில் இருந்தவர். மற்றவர் திருமணமாகி அமெரிக்காவில் வாழ்பவர். மூவரும் கூடிப் பேசி எழுதியதை ஒருவர் வாசிக்கிறோம்.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாவட்டங்களுக்குள் மிகக்கூடிய உயிரிழப்பு எமது கண்டி மாவட்டத்தில்தான். நக்கிள்ஸ் மலையின் மாத்தளைப் பக்கத்தில் ஒரே நாளில் 500 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த நாட்களுக்குப் பிறகு மடுல்கலைப் பக்கத்திலிருந்தும், ஹுலுகங்கைப் பக்கத்திலிருந்தும், லண்டன், டொரன்டோ, சென்னை என்று எங்கெங்கோ இருந்தும் சகோதரிகள் சங்கத்திடம் கேட்டது ஒரே கேள்வி: "எங்கள் அம்மா இருக்கும் லயம் பாதுகாப்பான இடத்திலா இருக்கிறது? அரசாங்கத்திடம் வரைபடம் இருக்கிறதாமே, அதில் என்ன போட்டிருக்கிறது?"

அந்தக் கேள்விக்கு எங்களால் இயன்ற பதிலே இவ்வுரை.

முதலில் வரைபடம் எப்படி வந்தது என்று சொல்கிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் தொடங்கப்பட்டது. 1986 ஜனவரியில் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. எந்த மலை சரியக்கூடியது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் வலுப்பெற்றது. 1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபட வேலை ஆரம்பமானது. பின்னர் அது கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி முதலான மாவட்டங்களுக்கும் விரிந்தது.

அந்த வரைபடம் ஆறு விடயங்களைப் பார்த்து வரையப்படுகிறது. அடியிலுள்ள பாறையும் அதன் அமைப்பும், பாறைக்கு மேல் உள்ள மண்ணின் வகையும் தடிப்பும், சரிவின் அளவு, நீர் ஓடும் வழிகள், நிலத்தின் உருவம், நிலம் பயன்படுத்தப்படும் விதம் என்பவையே அந்த ஆறும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, கூட்டிப் பார்த்து, நிலத்தை வலயங்களாகப் பிரிக்கிறார்கள். மண்சரிவு நிகழ வாய்ப்பு மிகக் கூடிய இடம், எதிர்பார்க்கக்கூடிய இடம், நடுத்தரமான இடம், வாய்ப்புக் குறைந்த இடம் என்று அவை அமையும்.

இந்த ஆறில் நான்கு எளிதில் மாறாதவை. பாறை மாறாது. மண்ணின் தடிப்பும் சரிவும் நிலத்தின் உருவமும், மலை சரிந்தாலோ வெட்டப்பட்டாலோ தவிர மாறுவதில்லை. மற்ற இரண்டும் எங்கள் கண் முன்னாலேயே மாறுகின்றன. நாங்கள் படித்த காலத்தில் தேயிலை மலைக்குள்ளே கான்கள் ஒழுங்காக இருந்தன. மழைக்கு முன் கான் வெட்டி மண் அள்ளுவது தோட்டத்தில் ஒரு தனி வேலை. இன்று எத்தனை மலைகள் கைவிடப்பட்டு மானாப்புல் ஏறிக் கிடக்கின்றன? எத்தனை கான்கள் தூர்ந்துவிட்டன? எத்தனை இடங்களில் பாதைக்காகவும் வீட்டுக்காகவும் மண்திட்டை நேராக வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டியிருக்கிறார்கள்? தூர்ந்த கானில் ஓடாத நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண் கனக்கிறது, பாறைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள பிடி தளர்கிறது. மலை சரிவது இப்படித்தான்.

ஆகவே பழைய வரைபடம் பிழையானது என்று சொல்லிவிட முடியாது. அது வரையப்பட்ட நாளின் நிலத்தை அது காட்டுகிறது. நிலம் மாறும்போது வரைபடத்தையும் மாற்ற வேண்டும். டித்வாவுக்குப் பிறகு நாட்டின் மலைப்பகுதிகளில் புதிய வடுக்கள் விழுந்திருக்கின்றன. அவற்றைச் செய்மதிப் படத்தில் காணலாம். தூர்ந்த கானைச் செய்மதி காட்டாது. அது அங்கே கொழுந்து எடுக்கப் போகிறவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது அளவுத்திட்டம். இது புவியியல் பாடம் என்று தூங்கிவிடாதீர்கள்! 1:50,000 என்ற வரைபடத்தில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீற்றர். 12 அடி அகலமான 12 காம்பராக்கள் ஒரே வரிசையில் இருக்கும் லயம் 144 அடி நீளம், அதாவது ஏறத்தாழ 44 மீற்றர். அந்த வரைபடத்தில் அந்த லயம் 1 மி.மீ.க்கும் குறைவு. வலயத்தின் எல்லையைக் காட்டும் கோட்டின் தடிப்பே தரையில் 25 மீற்றருக்கு வந்துவிடும். "எங்கள் லயம் சிவப்பிலா மஞ்சளிலா?" என்று அதில் தேடினால் கோட்டுக்குள்ளேயே லயம் மறைந்துபோகும். 1:10,000 வரைபடத்தில் அதே லயம் 4 மி.மீ.க்குச் சற்று மேல். அப்போது தலைமாட்டுக் காம்பரா எது, ஓடைப் பக்கத்துக் காம்பரா எது என்று பிரித்துப் பார்க்கலாம். ஆகவே வரைபடம் கேட்பவர்கள் பெரிய அளவுத்திட்டத்தில் உள்ளதைக் கேளுங்கள். அத்தோடு, ஒரு தனி இடத்தைப் பற்றி முடிவெடுக்க வரைபடம் மட்டும் போதாது. உத்தியோகத்தர் நேரில் வந்து பார்த்துத் தரும் அறிக்கை வேண்டும்.

இப்போது அமெரிக்காவில் இருக்கும் எம் தோழி அனுபவத்தில் அறிந்ததைச் சொல்கிறோம். அங்கே கவுண்டி என்பது எமது மாவட்டத்தைப் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. பெரும்பாலான கவுண்டிகளுக்கு வெள்ள அபாய வரைபடம் உண்டு. 1968இல் அந்நாட்டு அரசு தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டது. வெள்ளச் சமவெளியில் கட்டடம் கட்டுவதை உள்ளூராட்சி கட்டுப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் அந்த ஊர் மக்களுக்குக் காப்புறுதி கிடைக்கும். அபாய வலயத்தில் வீடு வாங்க வங்கிக் கடன் எடுப்பவர்கள் வெள்ளக் காப்புறுதியும் எடுத்தே ஆக வேண்டும்.

வரைபடம் புதுப்பிக்கப்படும்போது முதலில் வரைவை வெளியிடுகிறார்கள். மக்களைக் கூட்டி விளக்குகிறார்கள். மறுப்புத் தெரிவிக்க 90 நாட்கள் கொடுக்கிறார்கள். ஒருவர் தன் வீடு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று கருதினால், நில அளவையாளரைக் கொண்டு உயரத்தை அளந்து, ஆதாரத்தோடு விண்ணப்பிக்கலாம். எம் தோழிக்கு அங்கே பிடித்துப்போனது இதுதான்: தன் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை அறியவும், அதை மறுத்துப் பேசவும் சாதாரண மனிதருக்கு அங்கே ஒரு வழி இருக்கிறது.

அந்த வரைபடங்களில் "நூறாண்டு வெள்ளம்" என்று ஒரு சொல் உண்டு. நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருள் வேறு. எந்த ஆண்டிலும் அவ்வளவு பெரிய வெள்ளம் வருவதற்கு 100இல் 1 பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதே அது. இந்த ஆண்டு வந்துவிட்டது, இனி எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் என்று ஆறுதல்பட முடியாது. அடுத்த ஆண்டும் அதே வாய்ப்பு இருக்கும். கணக்குப் போட்டால் 30 ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் வருவதற்கு 26 வீத வாய்ப்பு. வீட்டுக் கடன் கட்டி முடிக்கும் காலம் அது. எமது சங்கத்தின் வயதான 100 ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் வருவதற்கு 63 வீத வாய்ப்பு. கணித ஆசிரியைகள் சரிபார்த்துக்கொள்ளலாம்!

எமது மண்சரிவு வரைபடம் இந்த இடத்தில் வேறுபடுகிறது. அது எந்த இடம் சரியக்கூடியது என்று சொல்கிறது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்வதில்லை. வெள்ளத்துக்கு ஆற்றின் மட்டத்தைப் பல்லாண்டு அளந்த பதிவுகள் இருக்கும். சரிவுக்கு அப்படியான பதிவு குறைவு. காப்புறுதிக் கட்டணத்தைக் கணக்கிட "எங்கே" என்பதோடு "எத்தனை தரம்" என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் வெள்ளத்தைப் போல மண்சரிவுக்குக் காப்புறுதி செய்வது உலகெங்கும் கடினமாக இருக்கிறது. அமெரிக்க வெள்ளக் காப்புறுதியும் நிலம் நகர்ந்து விளையும் சேதத்துக்குப் பணம் தருவதில்லை.

எம் நாட்டில் 2006இன் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அமைந்தது. 2016இல் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் வந்தது. கட்டணத்தை மக்கள் கட்டவில்லை, அரசே கட்டியது. வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு என்று அத்திட்டத்தில் இருந்தது. டித்வாவுக்குப் பிறகு, முழுமையாக அழிந்த வீட்டுக்குப் பதிலாகப் புதிய வீடு கட்ட 50 இலட்சம் ரூபாய் என அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்புகள். ஆனால் இழப்பீடு என்றவுடன் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதற் கேள்வி, "வீடு யாருடைய பெயரில்?" என்பது.

இங்கேதான் எங்கள் நெஞ்சு அடைக்கிறது. தோட்டக் காணி அரசினுடையது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அதை நிர்வகிக்கின்றன. லயக் காம்பராவில் நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்திருந்தாலும், அந்தக் காம்பராவுக்கு எங்கள் பெயரில் ஓர் உறுதி கிடையாது. 2023இல் மலையகம் 200 என்று நாடெங்கும் பேசினோம். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், இடிந்துபோன சுவர் தன்னுடையது என்று காட்ட எம் தாய்மாரில் பலரிடம் ஒரு கடதாசி இல்லை. 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் பெற்றுத் தனிவீட்டுக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆகவே வரைபடத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேசும்போது எம் மக்களிடையே ஒரு பயம் இருக்கிறது. அதை இந்த மேடையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் பார்க்க வரும்போது சுவரில் வெடிப்பை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். வெடிப்புக்கு முன்னால் அலுமாரியை நகர்த்தி வைப்பார்கள். ஏன் என்று கேட்டால், "சிவப்பு என்று எழுதிவிட்டால் எங்களை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் டீச்சர்? பாடசாலை மண்டபத்தில் எத்தனை மாதம் கிடப்பது? அங்கிருந்து வேலைக்கு எப்படிப் போவது?" என்கிறார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. போக இடமில்லாதவருக்குச் சிவப்புக் கோடு காட்டினால் அவர் அதை ஒரு நோட்டீஸாகத்தான் பார்ப்பார். அமெரிக்காவில் வரைபடத்தோடு காப்புறுதி வந்தது. இங்கே வரைபடத்தோடு காணி வர வேண்டும். எங்கள் மூவரின் முடிவும் இதுவே.

மீரியபெத்தையை நாம் மறக்க முடியாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தையில் அந்தத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று நின்ற பிள்ளைகளை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் தெரிந்தது. ஆகவே அங்கே வரைபடமும் அறிவித்தலும் இருந்தன. போவதற்கு ஓர் இடம்தான் இருக்கவில்லை. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அவர்கள் சிங்களக் கிராமத்தவர்கள், சொந்தக் காணிக்காரர்கள். மலை ஆள் பார்த்துச் சரிவதில்லை. சரிந்த பிறகு எழும்பி நிற்க யாருக்குக் கடதாசி இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பன்வில பற்றிச் சில வார்த்தைகள். நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டு பருவக்காற்றுக்கும் குறுக்கே நிற்கிறது. ஆகவே இங்கே மழை இல்லாத காலம் குறைவு. அந்த மலையில் பிறக்கும் ஹுலு கங்கை எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு இறங்கி, விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மகாவலியோடு சேர்கிறது. கோப்பிக் காலத்தில் இந்தக் காடுகள் வெட்டப்பட்டன. கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை வந்தது. லயங்களைக் கட்டியவர்கள் தண்ணீர் வசதியைப் பார்த்தார்கள். பீலிக்குக் கிட்டே, ஓடைக்குக் கிட்டே, மலை மடிப்பில் மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டினார்கள். தண்ணீர் சுலபமாக வரும் இடத்துக்கு மண்ணும் சுலபமாக வரும் என்பதை அன்று யார் எண்ணிப் பார்த்தார்கள்?

இதனால் எங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு வரைபடம் தனி, வெள்ள வரைபடம் தனி என்று இருந்தால் போதாது. மேலே சரியும் மண் ஓடையில் விழுகிறது. நீரும் மண்ணும் கல்லும் மரமும் ஒன்றாகக் கலந்து ஓடையின் வழியே இறங்குகின்றன. சரிந்த இடத்துக்கு வெகு கீழே, தான் நிற்கும் தரை உறுதியாக இருந்தும், ஓடைக்கரை வீடு அடிபட்டுப் போகிறது. மேலே எது உடையும் என்று காட்டுவதோடு, உடைந்தது எதுவரை வரும் என்றும் புதிய வரைபடம் காட்ட வேண்டும். இதைக் கேட்க வேண்டிய இடம் எமது பிரதேச செயலகம். கேட்க வேண்டியவர்கள் நாம்.

வரைபடம் புதிதாகும் வரை மழை காத்திருக்காது. அதனால் எல்லோரும் மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் விழிப்பு, 100 மி.மீ. என்றால் ஆயத்தம். 150 மி.மீ. பெய்தாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தாலோ வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவுகள் இவை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற அறிவித்தல்களுக்குப் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன.

150 மி.மீ. என்றால் எவ்வளவு? 7 பேர்ச்சஸ் காணியில் அவ்வளவு மழை விழுந்தால் அது ஏறத்தாழ 26,500 லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கர் தேயிலை மலையில் 6 இலட்சம் லீற்றர். அதில் கானில் ஓடாத பங்கு மண்ணுக்குள்தான் போகிறது.

மழையை அளக்க விலை கூடிய கருவி தேவையில்லை. நேரான பக்கங்கள் உள்ள ஒரு டின், மரமும் கூரையும் மறைக்காத இடம், பிள்ளையின் அடிமட்டம், இவை போதும். டின்னில் நிற்கும் நீரின் ஆழமே மழையின் அளவு. 3 அங்குலம் என்றால் 75 மி.மீ. மலைநாட்டில் இந்தப் பள்ளத்தாக்கில் பெய்யும் மழை அடுத்த பள்ளத்தாக்கில் பெய்வதில்லை. கண்டி நகரத்து மழைக்கணக்கு மடுல்கலைக்குப் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு டின்னாவது இருக்கட்டும்.

அடையாளங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். தரையிலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு, திடீரெனக் கதவு இறுகிப்போதல், மரமும் மின்கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், ஓடிய பீலி திடீரென நின்றுபோதல் அல்லது கலங்கி வருதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டாம், பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு விலகுங்கள். அதன் பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ சொல்லுங்கள்.

சங்கம் என்ன செய்யலாம்? நாங்கள் ஐந்து யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, எமது நூற்றாண்டுக் கட்டடம். அடிக்கல் நாட்ட நாள் பார்ப்பதற்கு முன் மண் பார்க்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்பது 2011 முதல் உள்ள நடைமுறை. அதை ஒரு சம்பிரதாயக் கடதாசியாக எண்ணாமல், இந்த இடம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் இடத்தை மாற்றும் மனதோடு கேட்போம். அனர்த்தம் வந்தால் ஊர் மக்கள் தஞ்சம் புகும் இடம் பாடசாலைதான். அது நிற்கும் தரை முதலில் உறுதியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, நினைவுப் புத்தகம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்குவோம். மூத்த அம்மாமாரிடம் போய்க் கேட்போம். எந்த வருடம், எந்த மலையில் மண் சரிந்தது? எந்த ஊற்று எப்போது வற்றியது? எந்த ஓடையை மூடிப் பாதை போட்டார்கள்? "மூத்தவன் பிறந்த வருடம்" என்று சொன்னாலும் எழுதிக்கொள்வோம், பிறப்புச் சான்றிதழைப் பார்த்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். 1947 ஓகஸ்டில் மகாவலி பெருகிய கதையைத் தாய் தகப்பனிடம் கேட்டவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். வரைபடத்தில் இல்லாத "எத்தனை தரம்" என்ற கணக்குக்கு இந்த நினைவுகள் சாட்சியாகும். தோட்டக் கந்தோர்களில் பல ஆண்டு மழைக்கணக்கு எழுதிய புத்தகங்கள் இருக்கும். அவற்றையும் கறையான் தின்னுமுன் பிரதி எடுக்க அனுமதி கேட்போம். எல்லாவற்றையும் தொகுத்துப் பிரதேச செயலகத்திலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டி அலுவலகத்திலும் கையளிப்போம்.

மூன்றாவது, பாடசாலையில் ஒரு மழைமானி. தினமும் காலை 8.30க்கு வளிமண்டலவியல் திணைக்களம் மழையை அளந்து எழுதுகிறது. அதே நேரத்தில் எங்கள் தங்கைமாரும் அளந்து எழுதட்டும். பத்து ஆண்டுகள் எழுதினால் இந்த மலையைப் பற்றி யாரிடமும் இல்லாத ஒரு பதிவு இந்தப் பாடசாலையில் இருக்கும்.

நான்காவது, செய்தி போய்ச் சேரும் வழி. எச்சரிக்கை எம்மொழியில், எம் லயத்துக்கு, இருட்டு முன்னர் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பழைய மாணவியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் சங்கத்தின் பட்டியலில் இருக்கட்டும். தொலைபேசிக் கோபுரம் விழுந்தால் என்ன செய்வது என்றும் அப்போதே பேசிவைப்போம். கோயில் மணி இருக்கிறது.

ஐந்தாவது, கடதாசி. இதை வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளிடம் குறிப்பாகக் கேட்கிறோம். நீங்கள் அனுப்பும் உலர் உணவும் போர்வையும் பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. அதோடு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பதிவு, காம்பராவின் புகைப்படம் ஆகியவற்றைப் பிரதி எடுத்து, நனையாத உறையில் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு உதவுங்கள். மழையில் வீடு போன பிறகு அந்த வீட்டில் தான் வாழ்ந்ததாகக் காட்ட ஒருவர் அலையக் கூடாது. தனியார் காப்புறுதி எடுக்க வசதியுள்ளவர்கள், கையெழுத்துப் போடுமுன் மண்சரிவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தீக்கும் களவுக்கும் எடுத்த காப்புறுதி மண்ணுக்குப் பதில் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பான இடத்தில் காணியும் உறுதியும் வேண்டும் என்ற கோரிக்கைக்கு உங்கள் குரலும் சேரட்டும். அமெரிக்காவில் வரைபடத்தை மறுத்துப் பேச 90 நாட்கள் தருகிறார்கள். இங்கே அந்த வரைபடத்தை ஒருதரம் கண்ணால் பார்க்கவே எம் தாய்மாருக்கு உரிமை வேண்டும்.

இதெல்லாம் பெண் பிள்ளைகளின் வேலையா என்று யாரும் கேட்கலாம். மழை நாளில் கொழுந்துக்குப் போவது பெண்கள். பீலியில் தண்ணீர் கலங்கினால் முதலில் காண்பது பெண்கள். பிள்ளையையும் வயதான மாமியையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர்களும் பெண்கள்தான். இந்த மலையை அன்றாடம் வாசிப்பவர்கள் நாங்கள். வாசித்ததை எழுதிவைக்கும் எழுத்தை இந்தப் பாடசாலை எங்களுக்குத் தந்தது.

தங்கைமாரே, அடுத்த வாரம் சங்கத்தின் சார்பில் பத்துக் கொப்பிகள் நூலகத்தில் வைக்கப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கும். உங்கள் தோட்டத்துக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அம்மாயியிடமிருந்து தொடங்குங்கள்.